ஆகாயத்தில் அடக்காதீர்கள்!

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முன்பெல்லாம் ஒருவர் பிளேனில் போகிறார் என்றால், சொந்தபந்தம் முழுக்க வேன் பிடித்துக்கொண்டு ஏர்போர்ட் வரைக்கும் போகும். மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஒரு பாட்டம் அழுவார்கள். இன்றைக்கு நிலைமையே வேறு. மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரனைத் தூக்கிக் கொஞ்ச என்று அறுபது, அறுபத்தைந்து வயது அம்மாக்கள் முழங்கால் வலியோடும் முறுக்கு டின்னோடும் தன்னந்தனியாக அமெரிக்கா போய் வருகிறார்கள். வந்த கையோடு என் கிளினிக்குக்கும் வந்துவிடுகிறார்கள்.

"காது இன்னும் அடைச்ச மாதிரியே இருக்கு டாக்டர்."

"வயிறு பலூன் மாதிரி ஊதிப்போச்சு."

"இறங்கும்போது செருப்புக்குள்ள கால் நுழைய மாட்டேங்குது."

"அவங்க குடுத்த சாப்பாடு... சவசவன்னு! உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல."

எல்லாமே சில்லறைப் புகார்கள்தான். ஆனால் இவற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் சில்லறை இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

விமானம் பறப்பது சுமார் 35,000 அடி உயரத்தில். அங்கே இருக்கிற காற்றை மனுஷன் சுவாசித்து உயிர் வாழ முடியாது. அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கிற அளவுக்கு அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் காற்றழுத்தம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அதாவது, சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் ஏறக்குறைய கொடைக்கானலில் இருக்கிறீர்கள்! பஸ்ஸில் கொடைக்கானல் மலை ஏறும்போது கையில் உள்ள சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரியும். பாக்கெட்டுக்கு நடப்பதுதான் வயிற்றுக்கும் நடக்கிறது. குடலில் உள்ள வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிந்துவிடும்.

இதோடு ஈரப்பதமும் குறைவு. விமானத்துக்குள் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது சதவீதம்தான். மூக்கு காய்ந்து, உதடு வெடித்து, தொண்டை வறண்டு போவது அதனால்தான். கிளம்பும்போது சுட்டுவிரலில் ஒரு பொட்டு நெய்யைத் தொட்டு மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் தடவிக்கொள்ளுங்கள். தடவினால் போதும், உள்ளே ஊற்ற வேண்டாம்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று உடம்பு தானாக வெளிப்படுத்துகிற பதினான்கு உந்துதல்கள். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர் வாக்கு. பரீட்சைக்காக உருப்போட்டதோடு சரி, அன்றைக்கு அதன் அருமை தெரியவில்லை. பிற்பாடு நானே சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம் பிளேனில் போனபோதுதான் புரிந்தது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பதினான்கில் பாதியை அடக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் கௌரவமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

காது அடைப்பு

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். விமானம் மேலே ஏறும்போது காதுக்குள் உள்ள காற்று இதன் வழியாகச் சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடக் கூட, குழாயின் வாய் ஒட்டிக்கொள்ளும். செவிப்பறை உள்ளே இழுபடும். வலி, அடைப்பு, இரைச்சல் எல்லாம் அதனால்தான்.

எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் அந்தக் குழாய் திறந்துகொள்ளும். ஆகவே கொட்டாவி வந்தால் நாகரிகம் பார்க்காமல் வாயை 'ஆ'வென்று திறந்து விடுங்கள். அதுவும் பதினான்கில் ஒன்றுதான்! நம் பஸ் ஸ்டாண்டுகளில் விற்கிற இஞ்சி முரப்பா இதற்கு அருமையான மருந்து. இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால், எச்சில் ஊறி ஊறி விழுங்கிக்கொண்டே இருப்பீர்கள். குமட்டலுக்கும் நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் அதற்குப் பதில் ஏலக்காயை மென்று, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கலாம்.

அந்த நேரத்தில் தூங்கக் கூடாது. தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைந்துவிடும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். அடுத்த சீட்டில் குழந்தை வீறிட்டால் முறைத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் காதுதான் வலிக்கிறது, சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடுமையான ஜலதோஷம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஊருக்கு வந்தபிறகு 'காது அடைச்சிருக்கு' என்று எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஊற்றுகிற எண்ணெய் அங்கே போகாது. இரண்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்றாலோ, வலியோ சீழோ இருந்தாலோ காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

வயிறும் நாக்கும்

முந்தின நாள் விருந்து என்று சொல்லி மொச்சை, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி, இல்லாவிட்டால் புளிக்காத மோர் ஊற்றிய சாதம் போதும். விமானத்தில் கேஸ் அடைத்த குளிர்பானம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெந்நீர் கேளுங்கள். அதில் பஞ்சதீபாக்கினிச் சூரணம் அரை டீஸ்பூன் போட்டுக் குடித்தால் வாயு இறங்கும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகாது. அவர்கள் சீரகத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அபானன் வந்தால் அடக்காமல் எழுந்து பாத்ரூம் பக்கம் நடந்துவிடுங்கள். எஞ்சின் போடுகிற சத்தத்தில் உங்கள் சத்தம் யாருக்கும் கேட்காது!

சூரணம் என்றதும் என் சொந்த அவஸ்தை ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, லேபிள் இல்லாத நாலு பொட்டலங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திரிகடுகு என்றால் என்னவென்று அரை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆகவே மருந்தைக் கம்பெனி டப்பாவிலேயே, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். அமெரிக்கா போகிற விமானங்களில் 2018-லிருந்து 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிகளைக் கைப்பையில் வைத்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் கசகசாவை எடுத்துப்போகவே கூடாது. அங்கே அது குற்றம்.

சாப்பாடு சவசவ என்று இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் திட்டாதீர்கள். மூக்கு காய்ந்தால் வாசனை தெரியாது, வாசனை இல்லாவிட்டால் பாதி ருசி போய்விடும். உப்பும் இனிப்பும் மேலே மந்தமாகத்தான் தெரியும். தக்காளி மட்டும் தன் ருசியை விடாது. தரையில் தக்காளி ஜூஸைத் திரும்பிக்கூடப் பார்க்காத வெள்ளைக்காரர்கள் விமானத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நம் தக்காளி ரசத்தை ஏன் இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை.

"தைலம் வேண்டாம்மா!"

இனி அந்த ஒரு விஷயம்.

2023-ல் ஓர் அம்மா வந்தார். அறுபத்திரண்டு வயது. மகள் பிரசவத்துக்கு நியூயார்க் போய்விட்டுத் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. நியூயார்க்கிலிருந்து துபாய் வரைக்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே, அங்கே இறங்கிக் காத்திருந்து திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரம்.

"ஜன்னலோரம் உக்கார வச்சிட்டாங்க டாக்டர். பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பையன், அதுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர். ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறாங்க. எப்படி எழுப்புறது, என்ன பாஷையில கேக்குறது? அதான் தண்ணியே குடிக்கல. குடிச்சாத்தானே பாத்ரூம் போகணும்!"

தாகத்தை அடக்கி, சிறுநீரை அடக்கி, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தே வந்திருக்கிறார். அவர் வந்தது நீர்க்கடுப்புக்காக. காலைப் பற்றிச் சொல்லவே இல்லை. எழுந்து கிளம்பும்போதுதான், "அப்புறம் டாக்டர், இடது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கி வலிக்குது. மருமக தைலம் தேச்சு விடுறா, கேக்கல. வேற நல்ல தைலமா எழுதிக் குடுங்க" என்றார்.

தைலம் எழுதிக் கொடுத்தே பழகின கை என் கை. அன்றைக்கும் பேனாவை எடுத்துவிட்டேன். எதற்கும் பார்ப்போமே என்று டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தேன். இடது கெண்டைக்கால் மூன்றரை சென்டிமீட்டர் அதிகம். தொட்டால் சூடு. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"தைலம் வேண்டாம்மா. இனி யாரும் இந்தக் காலை அமுக்கவும் கூடாது" என்று சொல்லி, கடிதம் கொடுத்து, மகனை வரவழைத்து அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாப்ளர் ஸ்கேனில் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் கட்டி. ரத்தம் உறையாமலிருக்க மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியானார்.

கெண்டைக்கால் சதை ஒரு பம்ப். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் தேங்கும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கி, ஒரிரு நாளில் வடிந்தால் பயமில்லை. ஒரே காலில் வீக்கம், வலி, சூடு என்றால்தான் ஆபத்து. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே உலை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் இந்த ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. ஆனாலும் அப்படிப் பயணம் செய்கிற ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்பதால் யாரும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இறங்கிய அன்றே வரும் என்பதில்லை, சில வாரம் கழித்தும் வரலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமினால் ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முன்பே ரத்தக் கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தங்கள் டாக்டரிடம் பேசிவிட வேண்டும். மற்றவர்களுக்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை, தையல் மெஷின் மிதிப்பது போல முன்பாதத்தையும் குதிகாலையும் மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் மிதியுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருங்கள். டிக்கெட் போடும்போதே மகனிடமோ மகளிடமோ 'எனக்கு நடைபாதை ஓர சீட் வேணும்' என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஜன்னலோரம்தான் கிடைத்தது என்றால், 'எக்ஸ்கியூஸ் மீ' என்று சொல்லிவிட்டு எழுந்து நில்லுங்கள். வேறு இங்கிலீஷ் எதுவும் தேவையில்லை. எந்த நாட்டுக்காரனும் எழுந்து வழி விடுவான்.

அந்த அம்மா போன வருஷம் மறுபடி பேத்தியைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் காலுறை போட்டுக்கொண்டு, நடைபாதை ஓர சீட்டில். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன்.

"என்ன டாக்டர் இப்படிப் பண்ணிட்டீங்க! உள்ள உக்காந்திருந்த ரெண்டு புள்ளைங்களும் மணிக்கு ஒருதரம் எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீன்னு என்னை எழுப்பிக்கிட்டே வந்துச்சுங்க. பொட்டுத் தூக்கம் இல்ல!"

"கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றார், கோபம் குறையாமலேயே.