முள்ளாவதா, பூவாவதா?

நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் நிற்கும் காகிதப்பூச் செடிக்கு டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். வாகனப் புகை, தார்ச்சாலையின் அனல், கல்லும் சரளையும் கலந்த மண் என்று அதன் பாடு கடினம். ஆனாலும் மாசி, பங்குனியில் இலை தெரியாமல் பூத்துக் குலுங்குகிறது. அதே செடியை நர்சரியில் வாங்கி வந்து, மண்புழு உரம் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு வளர்க்கிற பல வீடுகளில் பச்சை இலையும் நீள நீளமான முள்ளும்தான். உரம் போதவில்லையோ என்று இன்னொரு பிடி அள்ளிப் போடுகிறார்கள். செடி இன்னும் ஓர் அடி நீள்கிறது, பூவைக் காணோம்.

விடை அதன் கணுக்களில் இருக்கிறது. காகிதப்பூவில் இலை கிளம்பும் இடத்தில் உருவாகும் மொட்டு பூங்கொத்தாகலாம், முள்ளாகவும் ஆகலாம். இரண்டும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்துக் கிளை விறுவிறுவென்று நீளும்போது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கை ஓங்கி, மொட்டு முள்ளாக முடிகிறது. பகல் பொழுது குறுகி, மண் காய்ந்து, கிளையின் ஓட்டம் தணிகிற காலத்தில் இலைகள் வெயிலில் தயாரித்த சர்க்கரை அந்த மொட்டுக்குப் போய்ச் சேர, அது பூங்கொத்தாகிறது. நாம் பூ என்று ரசிக்கும் வண்ணத் தாள்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகளே. மூன்று தாள்களுக்கு நடுவில் குழல் வடிவில் நிற்கும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள்தான் அசல் பூக்கள்.

தென் அமெரிக்கச் செடி இது. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் இறங்கிய பிரெஞ்சுக் கப்பலில் இருந்த தாவரவியலாளர் பிலிபெர் கொமர்சோன் இதைச் சேகரித்து, பயணத்தின் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார். கொமர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுபவர். செடியின் பெயரில் அவருக்கு இடமில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

மொட்டு முள்ளாகாமல் பூவாக வேண்டுமானால், காகிதப்பூவுக்கு நாளுக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். யூரியா கூடவே கூடாது. புதுக் கிளையில்தான் அடுத்த பூ வரும் என்பதால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கவாத்து செய்துவிட வேண்டும். வேர் எளிதில் அறுந்துவிடும். தொட்டி மாற்றும்போது மண்கட்டி உடையக் கூடாது.

இந்தப் பட்டினி வைத்தியத்தைச் செம்பருத்தியிடம் காட்டினால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும். ஒரு பூ பெரும்பாலும் ஒரே நாள்தான் நிற்கும். எனவே நுனியில் தளிர் வந்துகொண்டே இருந்தால்தான் தினமும் பூ. அதற்குச் சீரான ஈரமும், சாம்பல்சத்துள்ள உரமும் தேவை. தளிர் இருக்கும் இடத்தில் மாவுப்பூச்சியும் வரும். வெள்ளைப் படலத்தைக் கண்டதும் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பலவற்றையும் மொய்த்தது. எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் குளவி அது. சில மாதங்களில் கொள்ளை அடங்கியது. வீரியமான பூச்சிமருந்து இத்தகைய குளவிகளையும் சேர்த்தே கொல்லும். வீட்டுச் செடிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுவதும், மிஞ்சியவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலும் பெரும்பாலும் போதும்.

இட்லிப்பூவின் சிக்கல் வேறு. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது வேரால் உறிஞ்ச முடியாத வடிவில் இறுகிக் கிடக்கும். இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும் செடி. உப்புப் போர் தண்ணீர் பாயும் வீட்டில், சுவரின் சுண்ணாம்பும் சிமெண்டும் உதிரும் ஓரத்தில் வைத்தால் வாடத்தான் செய்யும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். நிரந்தரத் தீர்வுக்குச் சுவரை விட்டுத் தள்ளி, மக்கிய தொழுவுரம் நிறைந்த குழியில் நட வேண்டும்.

மரம் வைக்க இடமுள்ளவர்கள் பலரும் கேட்பது செம்மயிற்கொன்றை, அதாவது குல்மொஹர். மடகாஸ்கரிலிருந்து வந்த அழகி. ஆனால் வேர் மேலாகவே பரவும், கட்டை எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களில் இதுவும் இயல்வாகையும் ஏராளம். சுற்றிலும் சிமெண்ட் பூசிய குறுகிய மனையில் இதை நடக் கூடாது.

அந்த இடத்துக்குச் சரக்கொன்றை பொருத்தம். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மஞ்சள் சரமாகத் தொங்கும் இந்த மரத்தின் பூவில் தேன் கிடையாது. பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். தச்சுத் தேனீ என்னும் கருவண்டு குட்டைத் தாள்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தைத் தீனிக்காக உதிர்க்கும்போது, நீண்ட தாள்கள் அதன் முதுகில் இனப்பெருக்கத்துக்கான மகரந்தத்தைத் தூவிவிடுகின்றன. விதையின் தோல் மிகக் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆவணி, புரட்டாசியில் கன்றை நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும்.

விதையிலிருந்து வந்த கொன்றை பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பக்கத்தில் மயில்கொன்றை வைக்கலாம். 10 அடிக்குள் அடங்கும் குத்துச்செடி. விதைத்து ஓராண்டுக்குள் பெரும்பாலும் பூத்துவிடும். நீண்டு வெளியே நிற்கும் அதன் மகரந்தத் தாள்கள் தேன் குடிக்க வரும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கையில் மகரந்தத்தை ஒட்டிவிடும் அமைப்புடையவை. ஆண்டுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடர்ந்து கிளைத்து மறுபடி பூக்கும்.