மதிப்பெண் இல்லாத பாடத்தின் வாத்தியார்

சீனாவின் நடுத்தர நகரம் ஒன்றில் மேல்நிலைப் பள்ளி. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், அவர்களின் ஆங்கிலத்துக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் சீனர். இலக்கணம், சொற்கள், கட்டுரை, மாதிரித் தேர்வு எல்லாம் அவர் கையில். தினமும் வருவார், இரவுப் படிப்பு நேரத்திலும் வந்து நிற்பார். இன்னொருவர் அமெரிக்காவிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்தவர். வாரத்துக்கு ஒரு பீரியட், நாற்பது நிமிடம் வந்து பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் ஆசையோடு காத்திருப்பது இந்த இரண்டாமவருக்காக. பயப்படுவது முதலாமவருக்கு மட்டும்தான்.

காரணம், 'காவ்காவ்' என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் இந்தத் தேர்வுக்கு 2024-இல் பதிவு செய்தவர்கள் 1.34 கோடிப் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. கேட்டல், வாசித்தல், எழுதுதல் என்று அந்த 150-உம் பிரிந்து போய்விடும். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்தோங் போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், பேச்சுக்கு அதில் பங்கு கிடையாது. ஆக, கடல் கடந்து வரவழைத்து, தங்க வீடு கொடுத்து, பல இடங்களில் விமானக் கட்டணமும் கொடுத்து வைத்திருக்கும் ஆசிரியர் நடத்துவது தேர்வில் வராத பாடம். அந்த வேலையின் சுகம், சலிப்பு இரண்டும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

சீனப் பள்ளிகளில் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு: "விளையாட்டு வாத்தியாருக்கு இன்றைக்கும் உடம்பு சரியில்லையாம், அதனால் இந்தப் பீரியடும் கணக்கு." தேர்வு நெருங்கும்போது ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கும் இதே கதிதான். வெளிநாட்டு ஆசிரியர் படங்களும் விளையாட்டுகளுமாகத் தயார் செய்துகொண்டு வந்தால், வகுப்பில் இயற்பியல் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருக்கும். அவருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இது அவமதிப்பு இல்லை. சம்பந்தி வீட்டாரைப் போல அவருக்கு மரியாதை நிறைய உண்டு, அடுப்படிப் பேச்சில்தான் இடமில்லை.

வேலைக்கு வருவதற்குள் படும் பாடு தனிக்கதை. பட்டப்படிப்பு வேண்டும். அதோடு இரண்டு ஆண்டு அனுபவமோ, 120 மணி நேர ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழோ வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்று சொந்த நாட்டுக் காவல்துறையின் சான்று வேண்டும். இந்தக் காகிதங்களுக்குத் தூதரக முத்திரை வாங்க மாதக்கணக்கில் அலைந்த காலம் உண்டு. அயல்நாட்டுச் சான்றுகளைத் தூதரக முத்திரையின்றி ஏற்க வகைசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பரில் சீனாவில் நடைமுறைக்கு வந்தபின் அந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்தது. 'இசட்' என்னும் வேலை விசாவில் வந்து இறங்கியதும், சொந்தமாக வீடு பிடித்துத் தங்குபவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும். முப்பது நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடுவே ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி என்று ஒரு காலைப்பொழுது முழுக்க மருத்துவப் பரிசோதனை.

எல்லாக் காகிதமும் இருந்தாலும் கடவுச்சீட்டின் அட்டை சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக் குடிமக்களே மொழி ஆசிரியர்களாக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதன் பொருள் ஏழு நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. எல்.கே.ஜி. முதல் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த சென்னைக்காரருக்கும் மணிலாக்காரருக்கும் இந்தப் பட்டியலில் இடமில்லை. சர்வதேசப் பள்ளிகளில் கணக்கோ அறிவியலோ நடத்த இந்தியர்கள் போவதுண்டு, அது வேறு வாசல். பட்டியலுக்குள் இருப்பவர்களிலும் எல்லோரும் சமம் இல்லை. வெள்ளை முகம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்ட வேலை விளம்பரங்கள் பல ஆண்டுகள் சகஜமாக உலவின. கறுப்பின அமெரிக்கர் காத்திருக்க, ஆங்கிலத்தில் தடுமாறும் கிழக்கு ஐரோப்பியருக்கு மழலையர் பள்ளியில் திருட்டுத்தனமாக வேலை கிடைத்த கதைகளும் அங்கே ஏராளம். பெற்றோர் காசு கொடுத்தது காட்சிக்கும் சேர்த்துத்தான். பள்ளிச் சேர்க்கை விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் வெளிநாட்டு ஆசிரியரின் படம் இருப்பது தற்செயல் அல்ல.

வகுப்புக்குள் போனால் முதலில் எதிர்கொள்வது மௌனம். "யாராவது பதில் சொல்லுங்கள்" என்றால் ஐம்பது தலைகளும் குனியும். பதில் தெரியாததால் அல்ல, நாற்பத்தொன்பது பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். இரண்டிரண்டு பேராகப் பேச விட்டால் அதே வகுப்பு சந்தைக் கடையாகிவிடும். இந்தச் சூட்சுமம் பிடிபடுவதற்குள் புதியவருக்கு ஒரு பருவம் ஓடிவிடும். அதுவரை அவரைக் கரையேற்றுவது 'பான்சாங்' எனப்படும் வகுப்புத் தலைவர். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து ஒரு வார்த்தை அதட்டினால் போதும், வகுப்பு அடங்கும். ஆசிரியர் என்ன கத்தினாலும் அது நடக்காது.

இடையில் ஒலிபெருக்கியில் மெல்லிய இசையோடு எண்ணிக்கை கேட்கும். பிள்ளைகள் கண்ணை மூடி, புருவத்தையும் மூக்கடியையும் விரலால் அழுத்திவிடத் தொடங்குவார்கள். கிட்டப்பார்வையைத் தடுக்க அறுபதுகளிலிருந்து சீனப் பள்ளிகளில் நடந்துவரும் கண் பயிற்சி இது. புதிதாக வந்தவர் பாதி வாக்கியத்தில் நிற்க வேண்டியதுதான். மதிய உணவுக்குப் பிறகு பள்ளியே தூங்கும். வளாகக் குடியிருப்பில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் அந்த நேரத்தில் கிதார் வாசித்தால் பக்கத்து வீட்டு ஆசிரியை கதவைத் தட்டுவார்.

விடுமுறைக் கணக்கு இன்னும் வேடிக்கை. அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய தின விடுமுறை வரும். அதில் சில நாட்களை ஈடுகட்ட முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறுகளில் பள்ளி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு "இன்று வியாழக்கிழமை கால அட்டவணை" என்று வீசாட் செயலியில் செய்தி வந்தால் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். எதற்கும் வீசாட்தான். சம்பளச் செய்தி, பெற்றோர் குழு, மளிகைக் கடைப் பணம், பேருந்துக் கட்டணம் எல்லாம் கைப்பேசிக்குள். கூகுளும் யூடியூபும் வாட்ஸப்பும் திறக்காது என்பதால், யூடியூப் காணொளியை நம்பிப் பாடம் தயாரித்தவர் கரும்பலகைக்குத் திரும்புவார்.

குளிரையும் சொல்லியாக வேண்டும். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே நகரங்களில் அரசே குழாய் வழியாக வெப்பம் அனுப்புகிறது. பெய்ஜிங்கில் நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவரை இது நடக்கும். ஐம்பதுகளில் போட்ட இந்தக் கோட்டுக்குத் தெற்கே அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே உறைபனி ஊரான ஹார்பினில் சட்டையோடு பாடம் நடத்தலாம். தெற்கே சாங்ஷாவிலோ ஆசிரியரும் மாணவர்களும் தடித்த கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காற்றோட்டம் நல்லது என்று சன்னலையும் திறந்து வைத்திருப்பார்கள்.

இந்த ஆசிரியர்களின் மரபு நீளமானது. ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான வில்லியம் எம்ப்சன் 1937-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்ற வந்தபோது ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகங்கள் தெற்கே சாங்ஷாவுக்குத் தப்பிப் போயின, பிறகு யுன்னானுக்கு. கலைத்துறை சில மாதங்கள் நான்யுவே மலையில் நடந்தது. நூலகத்தை உடன் கொண்டுபோக முடியவில்லை. எம்ப்சன் ஆங்கிலக் கவிதைகளைத் தம் நினைவிலிருந்தே எடுத்துத் தட்டச்சு செய்து பாடம் நடத்தினார். சீனாவிலேயே பிறந்த கனடியர் இசபெல் குரூக், புரட்சிக்குப் பின் பெய்ஜிங்கில் ஆங்கிலம் கற்பித்த முன்னோடிகளில் ஒருவர். அவர் 2023-இல் தமது 107-ஆவது வயதில் அந்த நகரிலேயே காலமானார்.

அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் ஹெஸ்லர் 1996-இல் அந்நாட்டு அரசின் பீஸ் கோர் அமைப்புத் தொண்டராக யாங்சி நதிக்கரையில் ஃபூலிங் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மாணவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், கிராமப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அவர்களுக்கு ஷேக்ஸ்பியர் நடத்தினார், நடிக்கவும் வைத்தார். அவரும் சக தொண்டரும் கடைத்தெருவில் நடந்தால் கூட்டம் கூடிவிடும். அந்த இரண்டு ஆண்டுகளை 'ரிவர் டவுன்' என்ற நூலாக 2001-இல் வெளியிட்டார். 2019-இல் மறுபடி செங்டுவுக்கு வந்து சிசுவான் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இம்முறை எதிரே இருந்தவர்கள் நகரத்துப் பிள்ளைகள், பலர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருடைய கற்பித்தலைப் பற்றி ஒரு புகார் சமூக ஊடகத்தில் கிளம்பியது. 2021-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சீனாவில் 1993-இல் தொடங்கிய பீஸ் கோர் திட்டமே 2020-இல் முடிவுக்கு வந்துவிட்டது.

பள்ளி, கல்லூரிக்கு வெளியே இன்னொரு உலகம் இருந்தது: தனிப்பயிற்சி மையங்கள். வார நாட்களில் மாலை, சனி ஞாயிறில் முழுநாள். சம்பளம் கல்லூரியைவிட அதிகம், ஓய்வு குறைவு. பெய்ஜிங்கில் 2013-இல் தொடங்கிய விஐபிகிட் நிறுவனம் இதை இணையத்துக்குக் கொண்டுபோனது. அமெரிக்காவில் விடிவதற்கு முன்பே எழுந்து, கணினி முன் சிரித்த முகத்தோடு சீனக் குழந்தைக்கு 25 நிமிடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தம் பகல் வேலைக்குக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2021 ஜூலையில் சீன அரசு 'இரட்டைக் குறைப்பு' ஆணையைப் போட்டது. வீட்டுப்பாடச் சுமையையும் தனிப்பயிற்சிச் சுமையையும் குறைப்பது நோக்கம். பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் பயிற்சி கூடாது, விடுமுறை நாள் வகுப்பு கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. ஒரே வெட்டு. ஆங்கிலப் பயிற்சியால் வளர்ந்த நியூ ஓரியண்டல் நிறுவனம் அறுபதாயிரம் பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் பிறகு சொன்னார். அந்த நிறுவனத்தின் ஆங்கில ஆசிரியர் தோங் யூஹுய் 2022-இல் நேரலையில் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்றார். விற்கும் பொருளின் ஆங்கிலப் பெயரைப் பலகையில் எழுதிப் பாடமும் நடத்தியதால் நாடு முழுக்கப் பிரபலமானார். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அப்படியொரு மறுவாழ்வு வாய்க்கவில்லை. பலர் ஊர் திரும்பினார்கள், சிலர் வியட்நாம் போனார்கள்.

மிச்சமிருந்த இடம் மழலையர் பள்ளி. அங்கே இப்போது பிள்ளைகளே குறைகிறார்கள். 2016-இல் 1.78 கோடிக்கு மேல் இருந்த பிறப்புகள் 2023-இல் 90 லட்சமாகச் சரிந்தன. அந்த ஒரே ஆண்டில் மழலையர் பள்ளிகளின் எண்ணிக்கை 14,000-க்கு மேல் குறைந்தது. கல்லூரிகளிலும் ஆங்கிலத்தின் பிடி தளர்கிறது. பட்டம் பெற ஆங்கிலத் தகுதித் தேர்வு கட்டாயம் என்ற விதியை சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023-இல் கைவிட்டது.

வேலை இன்னும் சூடாக இருப்பது பெரிய நகரங்களின் சர்வதேசப் பிரிவுகளில். அங்கே படிக்கும் பிள்ளைகள் காவ்காவ் எழுதுவதில்லை, லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ போகப்போகிறவர்கள். அவர்கள் எழுதும் ஐஎல்ட்ஸ் தேர்வில் நான்கில் ஒரு பகுதி பேச்சு: ஆளுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து, பதினொன்று முதல் பதினான்கு நிமிடம். அதனால் இந்தப் பிரிவுகளில் வெளிநாட்டு ஆசிரியரின் பீரியடை யாரும் கடன் கேட்பதில்லை. அவருக்கு வீட்டுப்பாடம் திருத்தும் வேலை உண்டு, வாரந்தோறும் கூட்டம் உண்டு. இரவு பத்து மணிக்கு வீசாட்டில் ஒரு தாய் கேட்பார்: "லாவ்ஷி (வாத்தியாரே), போன முறை 6, இந்த முறையும் 6. என்ன செய்யலாம்?"