செல்லுக்குள் போகும் ஸ்டீராய்டு: திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

வீசிங், முடக்குவாதம், தோல் நோய், சிறுநீரக நோய் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொல்லைகளுக்கு டாக்டர்கள் ஒரே மாத்திரையை எழுதுகிறார்கள்: பிரெட்னிசலோன். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் பலனும் புரியும், ஆபத்தும் புரியும்.

சவ்வைத் தாண்டி உட்கரு வரை

சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கொலஸ்ட்ராலிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோனைத் தயாரிக்கின்றன. இது ஸ்டீராய்டு வகை ஹார்மோன்; பிரெட்னிசலோன் அதைப் போலவே வேலை செய்யும் செயற்கை ஸ்டீராய்டு. இன்சுலின் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைத் தொட்டுச் சேதி சொல்லும். கார்டிசால் கொழுப்பில் கரைவதால் சவ்வைக் கடந்து உள்ளேயே போய்விடுகிறது. அங்கே காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவில் சில ஜீன்களை முடுக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. அழற்சியைக் கிளப்பும் ஜீன்களை இயக்குவது என்எஃப் கப்பா பி என்ற புரதம். அதன் கையை ஸ்டீராய்டு கட்டிப்போடும்போதுதான் வீக்கம் வடிகிறது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். கடும் வீசிங்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் முழுப் பலன் தெரியச் சில மணி நேரம் ஆவது அதனால்தான்.

1948இல் நடந்தது

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும், அட்ரீனல் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பக்க விளைவுகளும் வெகு சீக்கிரமே தெரியவந்தன. காரணம், ஸ்டீராய்டோடு சேரும் அந்த ஏற்பி உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மூட்டுக்காகச் சாப்பிடும் மாத்திரை கல்லீரலில் சர்க்கரை உற்பத்தியைக் கூட்டும், எலும்பைத் தேய்க்கும், முகத்தை உப்ப வைக்கும்.

நிறுத்துவதில்தான் கவனம்

ரத்தத்தில் ஸ்டீராய்டு நிறைந்திருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்கு அனுப்பும் தூண்டுதலைக் குறைத்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே போனால் அட்ரீனல் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைச் சட்டென்று விட்டால் உடலிடம் போதிய சொந்தக் கார்டிசால் இருக்காது. அசதி, வாந்தி, தலைசுற்றல் வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு டாக்டர்கள் டோஸைப் படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் வழக்கம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. மூட்டுவலிக்கென்று விற்கும் பெயரில்லாப் பொட்டலங்களிலும், முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம்களிலும்கூட ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஆஸ்துமா இன்ஹேலர் வேறு வகை. அதில் மருந்து மிகக் குறைந்த அளவில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. பயந்துகொண்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காத நாளில் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.