பழையன காத்தல் – 14: செப்புக்குள் கொதிக்கும் நீர்

மின்கல இணைப்பைத் துண்டித்து மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றும் முறை சென்ற இதழிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இவ்வாரம் விசிறியின் முறை என்றும் அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது; ஆனால் விசிறிக்கு முன் அதை விரட்டும் சூட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதலாகி லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்ற அக்கருவிகளுள் முதல் சில ஆண்டுகளில் வழங்கப்பட்டவை பத்து வயதைக் கடந்துவிட்டன. அத்தகைய முதிய கருவி ஒன்று நூலக வாசிப்புக்கூடத்தின் அமைதியில் இரையத் தொடங்கினால் பழி முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது. அந்தப் பழி நியாயமற்றது. செயலியின் சூட்டை அளக்கும் உணரி கேட்கும் வேகத்தில் விசிறி சுழல்கிறது, அவ்வளவே. வேகம் இரு மடங்கானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும் என்பது விசிறிப் பொறியியலின் பொதுவிதி. 10 டெசிபெல் உயர்வையே மனிதச் செவி இரு மடங்கு சத்தமாக உணர்கிறது. ஆகவே விசிறியை இவ்வளவு விரட்டும் சூடு ஏன் வெளியேற மறுக்கிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அச்சூட்டைச் செயலியிலிருந்து விசிறியின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது, மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும் தட்டையான செப்புப் பட்டை. பார்ப்பவர் பலரும் அதைத் திண்ணிய செம்பு என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது இருமுனையும் அடைக்கப்பட்ட குழாய், 'ஹீட் பைப்' எனப்படும் வெப்பக் குழாய். காற்றை முற்றிலும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு மில்லிலிட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ தூய நீரை உள்ளே விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் குறையும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதிக்கும் நீர், காற்றழுத்தம் பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்த இடத்தில் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். செயலியைத் தொடும் முனையில் ஆவியாகும் நீர், விசிறியின் வாயில் மெல்லிய தகடுகள் நிற்கும் மறுமுனைக்கு விரைந்து, அங்கே சூட்டை ஒப்படைத்துக் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் படிய வைத்த நுண்துளைச் செப்புத்தூள் அந்நீரை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, புறப்பட்ட இடத்துக்கே இழுத்து வருகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவைப்படுவதால், 30 வாட் செயலியின் சூட்டைச் சுமக்க 80 விநாடிக்கு ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும். மின்சாரமும் அசையும் உறுப்பும் இல்லாமல், நிரப்பிய நீரை மாற்றவும் தேவையில்லாமல், இச்சுற்று ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது.

இதன் வரலாறும் வியப்புக்குரியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் காக்லர் குளிர்பதனப் பெட்டிக்காக இக்கருத்தை வகுத்து 1944இல் காப்புரிமை பெற்றார். அது பயன்படாமலே கிடந்தது. 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் குரோவர், விண்கலங்களுக்கான அணு மின்னாக்கம் தொடர்பான ஆய்வில் அதையே தனியாகக் கண்டடைந்தார். 1967இல் அது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. 1977இல் நிறைவுற்ற அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த்தடத்தில், தாங்குதூண்களின் கீழுள்ள உறைநிலம் இளகித் தூண்கள் சரிந்துவிடாதிருக்க, அம்மோனியா நிரப்பிய இத்தகைய குழாய்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் நாட்டப்பட்டன. இஸ்ரோவின் செயற்கைக்கோள்களிலும் இவை உண்டு. விண்ணுக்கென்று வளர்க்கப்பட்ட இத்தொழில்நுட்பம் விலையில்லாமல் வந்த ஒரு பள்ளிப்பிள்ளையின் கருவிக்குள் ஓசையின்றி உழைக்கிறது என்பதை அறிந்தவர், அதைத் தூக்கி எறிய எளிதில் மனம் ஒப்பமாட்டார்.

குழாய் கொண்டுவந்து சேர்த்த சூட்டை எடுத்துச் செல்லக் காற்று வேண்டும். சென்னையில் இடர் அங்கேதான் தொடங்குகிறது. தகடு 60 டிகிரியில் இருக்க, அறைக்காற்று 25 டிகிரியானால் இடைவெளி 35. கத்திரி வெயிலில் அறையே 40 டிகிரியானால் இடைவெளி 20 மட்டுமே. அதே காற்றோட்டம் அப்போது பாதியைவிடச் சற்றே கூடுதலான சூட்டைத்தான் அகற்றும். கடற்காற்றின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் தூசியும் நூலிழையும் சேர்ந்து, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளம்போன்ற ஓர் அடைப்பை உண்டாக்கிவிடுகின்றன.

வெளியிலிருந்து ப்ளோயரால் ஊதினால் இவ்வடைப்பு விசிறிக்குள்ளேயே தள்ளப்படுகிறது. விசிறியின் மேல்மூடியைக் கழற்றி அடைப்பை முழுதாக எடுத்த பின்னரே ஊத வேண்டும். ஊதும்போது இறக்கைகளை விரலால் அசையாமல் பிடித்திருக்க வேண்டும், இல்லையெனில் அவை அளவுமீறிச் சுழன்று தாங்கியை, அதாவது பேரிங்கை, கெடுப்பதோடு, விசிறியே மின்னாக்கியாக மாறித் தாய்ப்பலகைக்குள் மின்சாரம் செலுத்தவும் கூடும். செயலிக்கும் செம்புக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை, அதாவது தெர்மல் பேஸ்ட், காய்ந்து வெடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதியதை மிளகளவு வைத்து, திருகுகளை அவற்றருகே பொறிக்கப்பட்ட எண்வரிசைப்படி முடுக்க வேண்டும். குழாயை வளைக்கவோ சுரண்டவோ கூடாது. ஊசிமுனைத் துளை விழுந்தாலும் வெற்றிடம் போய்விடும். செயலி கொதிக்கும்போது தகட்டுமுனை குளிர்ந்தே இருந்தால், பசையும் சரியாக இருக்கும் பட்சத்தில், குழாய் செத்துவிட்டது என்று கொள்ளலாம். பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே மாதிரிக்குரிய பழைய குழாயைத் தேடுவதே அப்போது வழி.

தூசி நீங்கிய பிறகும் கரகரப்பு நீடித்தால் குறை விசிறியின் தாங்கியில் இருக்கிறது. சொன்னபடி இவ்வாரமே வந்திருக்க வேண்டிய அந்தத் தாங்கியும் அதற்குரிய எண்ணெயும் அடுத்த வாரம் விளக்கப்படும். அதுவரை அதில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.