காது கொடுப்போம், உயிர் காப்போம்



காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பிரசவ வலி கண்டால் நர்ஸம்மாவைக் கூப்பிடுகிறோம். மனம் நொந்து, ‘இனி இருந்து என்ன பிரயோஜனம்?’ என்று நினைப்பவர் யாரைக் கூப்பிடுவார்? வீட்டாரிடம் சொல்ல முடியாத துயரத்தைக் கேட்க, டெலிபோனின் மறுமுனையில் ஒரு தொண்டர் காத்திருக்கிறார். அவரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

இந்தச் சேவை எப்படித் தொடங்கியது?

1953-ம் ஆண்டு லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தமக்குப் போன் செய்யலாம் என்று அறிவித்தார். பலர் நேரிலும் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில சாதாரண மனிதர்கள் முன்வந்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே பாரம் குறைந்து வீடு திரும்பினார்கள். இதைக் கண்ட அவர், 1954-ல் கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘ஸ்நேகா’விலும் தொண்டர்களே கேட்கிறார்கள்.

முதல் பாடம் என்ன?

வாயை அடக்குவதுதான்! நானும் ஒருமுறை இத்தகைய பயிற்சியில் உட்கார்ந்தேன். முகம் தெரியாமல் இருக்க, முதுகைத் திருப்பிக்கொண்டு இருவர் பேச வேண்டும். பயிற்சி தந்தவர், பரீட்சையில் தவறிய மாணவியாக நடித்தார். “அப்பா மூஞ்சியிலே எப்படி முழிப்பேன்?” என்று அழுதார். நான் உடனே, “இதுக்கா அழறே? மறுபடி எழுதிக்கலாம்மா” என்றேன். சற்று மௌனம். பிறகு, “போன் வெச்சாச்சு சார்” என்றார்.

இருபது வருஷம் ஊர் ஊராகப் பேசிய வாய் என்னுடையது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை; அப்பாவைப் பற்றிப் பேசினாள். அது என் காதில் விழவில்லை. “அப்பாவை நினைச்சா பயமா இருக்காம்மா?” என்று கேட்டிருந்தால் மேலே பேசியிருப்பாள்.

சொல்லக் கூடாதவை:

1. “எல்லாம் சரியாயிடும்.”
2. “உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர்.”
3. “பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா?” (ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் வாடுபவருக்கு இது மேலும் ஒரு சுமை.)

சொல்லக் கூடியவை:

1. “சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்.”
2. “ரொம்ப நாளா இதைத் தனியாவே சுமந்துக்கிட்டிருந்தீங்களா?”
3. அவர் அழுதால் அழவிட்டு, லைனில் கூடவே இருப்பது.

நேருக்கு நேர் கேட்கலாமா?

அவசியம் கேட்க வேண்டும். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று தெளிவாகவும் பரிவாகவும் கேட்கத் தொண்டர்கள் பழகுகிறார்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்பது தவறான பயம். ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டதும் பலருக்கு மூச்சு விட்டாற்போல் இருக்கிறது.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பதற வேண்டாம். தனியாக இருக்கிறாரா, தீங்கு செய்துகொள்ளும் பொருள் அருகில் இருக்கிறதா என்று விசாரித்து, அதைவிட்டு விலகி நம்பிக்கையான ஒருவர் அருகில் போகச் செய்ய வேண்டும். பொறுப்பாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ். பேசியதை வெளியே சொல்லாதிருப்பது தொண்டரின் கடமை. உயிரைக் காக்க வேண்டிய நேரம் மட்டும் விதிவிலக்கு.

‘போலீஸ் கேஸ் ஆகுமோ?’ என்று பயப்படுபவர்களும் உண்டு. 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

தொண்டரை யார் பார்ப்பது?

பேசியவருக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று தொண்டருக்குப் பெரும்பாலும் தெரியவராது. அந்தக் கனத்தோடு வீடு போகக் கூடாது. வேலை முடிந்ததும் மூத்த தொண்டரிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அண்மையில் வீட்டில் துக்கம் கண்டவர்கள் சிறிது காலம் கழித்துத் தொண்டுக்கு வருவது நல்லது.

தொண்டராகப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும், பயிற்சியைத் தவறாமல் முடிக்கும் மனமும் போதும். தொண்டராக முடியாதவர்களும் இந்தப் பாடத்தை வீட்டிலே கடைப்பிடிக்கலாம். இன்று இரவு உங்கள் மகளோ, மருமகளோ, தம்பியோ பேசத் தொடங்கினால், அறிவுரையைச் சற்று ஒத்திப்போட்டு, “அப்புறம்?” என்று கேளுங்கள்.

உங்களுக்கே மனம் தாங்கவில்லையா? இன்றே பேசுங்கள். 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசம். தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

துயரத்தைப் பேசுவது வெட்கமல்ல. கேட்பது வீண் வேலையுமல்ல!