ஓ.டி.பி. சொல்வதற்கு முன்பு

பல மருத்துவமனைகளின் ஓ.பி. கவுன்டரில் இப்போது வழக்கமாகிவிட்ட கேள்வி: "ஆபா நம்பர் இருக்கா?" இல்லை என்றால் ஆதார் அட்டையை வாங்கி அதன் எண்ணைத் தட்டிவிட்டு, "போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். சொல்கிறோம். நம் பெயரில் 'ஆபா' என்கிற 14 இலக்கச் சுகாதார எண் ஒன்று உருவாகிவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்த திட்டம் இது. புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் வெள்ளோட்டம் பார்த்து, 2021 செப்டம்பரில் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்று நாடு முழுவதற்கும் வந்தது. மதுரையில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சென்னை மருத்துவரிடம் காட்ட மஞ்சள் பையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதுதான் இதன் வாக்குறுதி. எல்லாருடைய ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே கணினியில் குவிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த மருத்துவமனை, எந்த லேப் தந்ததோ அங்கேயேதான் இருக்கும். எல்லாவற்றையும் நம் பெயரோடு கோப்பதுதான் ஆபாவின் வேலை.

இன்னொரு மருத்துவர் அந்த ரிப்போர்ட்டுகளைப் பார்க்க விரும்பினால், நம் போனில் உள்ள ஆபா செயலிக்குக் கோரிக்கை வரும். கேட்பவர் யார், எதற்காக, மருந்துச் சீட்டா, பரிசோதனை முடிவா, டிஸ்சார்ஜ் சம்மரியா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அனுமதி என்றைக்குக் காலாவதியாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மூட்டுவலிக்குப் போன இடத்தில் பழைய மனநலச் சிகிச்சைச் சீட்டு எதற்கு? தேதியைக் குறுக்கலாம், ஆவண வகையை நீக்கலாம், மறுக்கலாம், கொடுத்த அனுமதியை ரத்தும் செய்யலாம். அதற்குள் ஒருவர் பார்த்துவிட்டதை மட்டும் பார்க்காததாக ஆக்க முடியாது.

ஏட்டில் அருமையான ஏற்பாடு. ஆனால் பாட்டியின் போன் பேரனிடம் இருக்கிறது. செயலியைத் திறந்து எல்லாப் பொத்தானையும் அழுத்துபவர் கவுன்டர் ஊழியர். பின்னால் வரிசை முண்டியடிக்கிறது. 2021இல் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு, கேட்காமலேயே சுகாதார எண் உருவாக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இதையெல்லாம் சம்மதம் என்று சொல்வது வேடிக்கை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலேயே படிக்கவும் வழி தரவேண்டும். சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. சம்மதம் பற்றிய பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம்.

அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத விதி ஒன்று 2002 முதலே இருக்கிறது. மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை ஒழுங்குமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தந்தாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்று, ஆபா எண் கட்டாயமல்ல. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது.