"நான்தான் எடுத்தேன்"

வீட்டில் ஒரு மோதிரம் காணாமற் போனால் யாரை முதலில் விசாரிப்பீர்கள்? பெரும்பாலும் பசறைப் பக்கத்துத் தோட்ட லயனிலிருந்து வந்து வேலைக்கு நிற்கும் பெண்ணைத்தான். அதட்டுவோம், "உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறோம்" என்போம். இரவாவதற்குள் "நான்தான் எடுத்தேன்" என்று அழுவாள். நமக்கு மனம் ஆறிவிடும். மோதிரம் மட்டும் வராது.

2015 செப்டம்பரில் கொட்டதெனியாவயில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. முதலில் 17 வயது மாணவனும் இன்னொருவரும் கைதானார்கள்; மரபணு பொருந்தவில்லை. அடுத்து, 'கொண்டயா' என்று பத்திரிகைகள் எழுதிய ஒருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். அவருக்கும் மரபணு பொருந்தவில்லை! பொருந்தியது அவருடைய சகோதரர் சமன் ஜயலத்துக்கு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கே மரண தண்டனை விதித்தது.

செய்யாததை மனிதன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? தனிமை, தூக்கமின்மை, பயம். நாளைய சிறையைவிட இந்த அறையிலிருந்து வெளியேறுவதே அப்போது பெரிதாகத் தெரிகிறது. சிறுவர்களும், பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர்களும் விரைவில் பணிந்துவிடுவார்கள். துரைக்கும் கங்காணிக்கும் "ஆமாங்க" என்றே தலைமுறைகளாகச் சொல்லி வந்த குடும்பத்துப் பெண் நம் முன்னால் வேறென்ன சொல்வாள்?

1989இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் ஐந்து இளைஞர்கள் சிக்கினார்கள். நால்வரின் ஒப்புதல் வீடியோவில் பதிவானது. ஐந்தாமவர் யூசுப் ஸலாம், 15 வயது முஸ்லிம் சிறுவர். அவருடைய உம்மா பொலிஸ் நிலையத்துக்கே வந்து விசாரணையை நிறுத்தச் சொன்னதால் அவர் வாக்குமூலத்தில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் தண்டிக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி வெளிப்பட்டு, மரபணுவும் அதை உறுதிசெய்தபின், 2002இல்தான் ஐவர் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது.

நமது நாட்டில் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சாதாரண வழக்குகளில் குற்றவாளிக்கு எதிராகக் காட்ட முடியாது. நபி (ஸல்) அவர்களோ, மாஇஸ் (ரழி) தாமாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; அவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்றும் விசாரித்தார்கள். தாமாக வந்தவருக்கே அப்படியென்றால், நாம் அதட்டி வாங்கிய சொல்லுக்கு என்ன மதிப்பு?

பதுளையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மோதிரம் அரிசிப் பானையில் கிடைத்தது, பெருநாளுக்கு அரிசி அளக்கும்போது. அந்தப் பெண்ணைத் தோட்டத்துக்குத் திருப்பியனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது.